பழைய இயந்திர மைக்கூடுகள்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டு எழுதும் பேனாக்கள் புழங்கிய காலத்து மைக்கூடுகளில் சில, வெறும் கிண்ணமாக இல்லாமல் சிறிய இயந்திரங்களாகவே இருந்தன. ஒரு வகையில் மேலுள்ள குமிழைத் திருகினால் உள்ளே ஒரு தண்டு இறங்கி, மையைச் சிறு குழிக்கு ஏற்றும். எதிர்ப்பக்கம் திருகினால் மை உள்ளே திரும்பிவிடும். நத்தை மைக்கூடு எனப்படும் வகையில் கண்ணாடிக் குடுவையையே சுழற்றி வாயை அடைக்கலாம். மையில் காற்றும் தூசியும் படாமல் காப்பதே இவற்றின் முதன்மையான நோக்கம்.

புதிதாகச் சேகரிப்பவர்கள் செய்யும் முதல் தவறு, கையில் எடுத்த உடனே குமிழைத் திருகிப் பார்ப்பது. மாசிக்காயின் துவர்ப்புச் சத்தையும் அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்த அக்கால மை, காய்ந்தபின் தண்டையும் சுவரையும் பசைபோல ஒட்டவைத்துவிடுகிறது. அதோடு உள்ளிருக்கும் மென்ரப்பர் வளையமும் இறுகிப்போயிருக்கும். அந்த நிலையில் வலுக்கட்டாயமாகத் திருகினால் மரை தேய்ந்துபோகும் அல்லது கண்ணாடி விரிசல் காணும். இரண்டுமே எளிதில் சரிசெய்ய முடியாதவை. குடுவைக்குள் மட்டும் சாதாரண நீரை நிரப்பி, நிறம் இறங்குவது நிற்கும்வரை நாள்தோறும் நீரை மாற்றிக்கொண்டு காத்திருப்பதே சரியான வழி. முழுப் பொருளையும் நீரில் மூழ்கடிக்கக் கூடாது, ஏனெனில் கண்ணாடியின் கழுத்தில் உள்ள உலோக வளையம் பல கூடுகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எனப்படும் சாந்தால்தான் ஒட்டப்பட்டிருக்கும். அது நீரில் இளகிவிடும். வெந்நீரும் கூடாது. அது பழைய கண்ணாடியை விரியச் செய்யும்; எபோனைட் எனப்படும் கெட்டி ரப்பரின் கருமையைப் பழுப்பாக்கும்.

பளபளப்பாக்கும் ஆசையும் அதே அளவு கேடு செய்கிறது. பித்தளையின் மேல் பூசிய மெல்லிய பொன்முலாம் ஓரிரு முறை அழுத்தித் தேய்த்தாலே போய்விடும், அம்மோனியா கலந்த மெருகுப் பொருள்களோ பித்தளையிலேயே வெடிப்பை உண்டாக்கக்கூடும். பொருளின் வயதைச் சொல்லும் மங்கலைத் துடைத்தெடுப்பதில் என்ன லாபம் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

அடியில் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதியைத் தயாரித்த ஆண்டாக எடுத்துக்கொள்வதும் பரவலான பிழை. அந்தத் தேதிக்குப் பின் பல ஆண்டுகள் அதே முத்திரையுடன் பொருள் வெளிவந்திருக்கலாம். பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை வழங்கிய வைர வடிவக் குறியும், 1884 முதல் வந்த பதிவு எண்ணும் வடிவமைப்பு பதிவான காலத்தைத்தான் காட்டுகின்றன. நாட்டின் பெயர் பொறித்திருந்தால், 1890-இல் அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டத்தை நினைவில் கொள்வது நல்லது. இறக்குமதிப் பொருள்களில் அப்பெயர் இருக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. எனவே அப்பெயர் உள்ள பொருள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியதாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று விற்பவர் சொல்லும் மைக்கூட்டில் கூட்டல் குறி வெட்டுள்ள திருகாணி தென்பட்டால், அது 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகு பழுதுபார்க்கப்பட்டது அல்லது முழுவதுமே பிற்காலத்து நகல் என்று கொள்ளலாம்.

வேறு வேறு கூடுகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பதும் உண்டு. மூடி விளிம்பில் சரியாக அமர்கிறதா, குடுவை தன் குழியில் ஆடுகிறதா, தேய்மானம் எல்லாப் பாகங்களிலும் ஒத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். யானைத் தந்தம் பதித்த கூடுகளை நாடு விட்டு நாடு அனுப்ப உரிமம் தேவை என்பதால், அவற்றை வாங்குமுன் சட்டத்தைக் கேட்டறிய வேண்டும்.

இயங்கும் நிலைக்கு வந்த கூட்டில் மை ஊற்றியே தீர வேண்டுமென்றால், இரும்பையும் பித்தளையையும் அரிக்கும் அந்தப் பழைய அமில மையைத் தவிர்த்து, சாயம் மட்டும் கலந்த ஃபவுண்டன் பேனா மையைக் கொஞ்சமாக ஊற்றி, அன்றே கழுவி உலர்த்திவிட வேண்டும்.