யாழ்ப்பாணத்து மாரியில் டாரட் அட்டைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாரட் அட்டை பலன் சொல்கிறதா இல்லையா என்ற வழக்கை இங்கே எடுக்கப்போவதில்லை. சாத்திரம் கேட்கும் பழக்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் என்றைக்கும் குறைவிருந்ததில்லை. அந்த வரிசையில் பிந்தி வந்து சேர்ந்தது இது, அவ்வளவுதான். நம்பி எடுத்தாலும் வேடிக்கைக்கு எடுத்தாலும் கையில் இருப்பவை 78 கடதாசி அட்டைகள். கடதாசிக்கு எது தீங்கோ அதுவே இவற்றுக்கும் தீங்கு.

ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் பெட்டியில் வந்து இறங்கும் புதுக் கட்டு ஒன்று, இங்கே ஒரு மாரி கழிவதற்குள் வளைந்து, மங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். கவனிக்காமல் போட்டுவிட்டார்கள் என்று நினைப்போம். பெரும்பாலும் அப்படியல்ல. மிஞ்சிக் கவனித்திருப்பார்கள். குளிர்நாட்டவர் தங்கள் வீட்டு நிலைமைக்கு எழுதிவைத்த அறிவுரைகளை இந்த வெக்கையிலும் ஈரத்திலும் எழுத்துப் பிசகாமல் செய்திருப்பார்கள்.

முதலில் உப்பு. அட்டைகளைச் 'சுத்தி' செய்ய அவற்றை உப்புக்குள் புதைத்து ஓரிரவு வைக்கும்படி இணையத்தில் பலர் சொல்கிறார்கள். மாரியில் நம் குசினியில் உப்புப் பாத்திரம் என்ன பாடுபடுகிறது என்று பார்த்தவர் எவரும் இதைச் செய்யத் துணியமாட்டார். தூய உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். ஆனையிறவு உப்பானாலும் வேறு எந்த உப்பளத்து உப்பானாலும், கடல் உப்பில் சிறிதளவு மக்னீசியம் குளோரைட்டும் சேர்ந்திருக்கும்; அது அதற்கும் முன்பே கசிந்துவிடும். கார்த்திகை இரவில் அந்தக் கசிவுக்குள் கடதாசியை வைப்பதும் கிணற்றடியில் வைப்பதும் ஒன்றுதான். உப்பு நீர் ஓரத்தால் ஏறி, காய்ந்தபின் வெள்ளைப் பொடியாக அங்கேயே தங்கும். அடுத்த ஈரம் வரும்போது அந்தப் பொடி மறுபடியும் நீரை இழுக்கும். ஒரு தடவை உப்புப் பட்ட அட்டை திரும்பத் திரும்ப நனைந்துகொண்டே இருக்கும். சடங்கு கட்டாயம் வேண்டுமென்றால் அட்டைகளைப் பெட்டிக்குள் மூடி, உப்புக் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சக்தி என்று ஒன்று இருந்தால் அதற்கு மூடி ஒரு தடையாக இருக்காது.

நிலா வெளிச்சத்தில் வைப்பதும் இந்த வகைதான். மார்கழிப் பௌர்ணமியில் முற்றத்தில் விரித்துவிட்டுக் காலையில் போய்ப் பாருங்கள், பனி இறங்கியிருக்கும். கண்ணாடி யன்னலுக்கு உட்புறம் வைத்தாலும் நிலா வரும். சாம்பிராணிப் புகை பிடிப்பவர்கள் தட்டுக்கு நேர் மேலே அட்டையைக் காட்டுகிறார்கள். அந்தப் புகையில் நுண்ணிய பிசின் துளிகளும் கரியும் இருக்கின்றன. சில மாதங்களில் அட்டையின் மேல் மஞ்சள் படலம் ஒன்று ஏறும். தூசு அதில் பிடித்தால் விடாது. பழைய சுவாமிப் படச் சட்டங்களின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

இனி ஈரம். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்க்கிறது. ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கும்போது பகல் வறண்டு, இரவில் காற்றில் ஈரம் ஏறும். இப்படி ஏறி இறங்குவதே அட்டைக்கு எதிரி. கடதாசியின் நார்கள் ஈரத்தை உறிஞ்சினால் பருக்கும், விட்டால் ஒடுங்கும். அட்டையின் இரு பக்கமும் ஒரே அளவு பருத்தால் சிக்கல் இல்லை. ஆனால் முகப்பில் பூசிய மெருகும் முதுகில் பூசிய மெருகும் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. விரித்துவைத்த அட்டைக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே காற்றுப் படுகிறது. கூடுதலாகப் பருத்த பக்கம் வெளிப்பக்கமாக வில் வளைகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். முழுக் கட்டையும் மட்டமான மேசையில் படம் மேலே தெரிய வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் படப் பக்கம் பருத்திருக்கிறது. இரு முனைகளும் தூக்கி நின்றால் முதுகுப் பக்கம் பருத்திருக்கிறது. இரண்டிலுமே பதற்றப்படத் தேவையில்லை. பதற்றத்தில் செய்யும் வேலைகள்தான் நிரந்தரக் கேட்டைக் கொண்டுவருகின்றன.

அவற்றில் முதலாவது, வெயிலில் காயவைப்பது. ஒடியலுக்கும் மோர் மிளகாய்க்கும் வெயில் நல்லது. அட்டையிலோ மேற்பக்கம் சடுதியாகக் காய்ந்து வளைவு எதிர்த் திசைக்கு மாறும். அதோடு மையும் வெளுக்கும், சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும். இரண்டாவது, இஸ்திரிப் பெட்டி. மெருகு பிளாஸ்டிக் படலமாக இருந்தால் சூட்டில் இளகிக் குமிழி விடும். மூன்றாவது, கட்டைக் கையில் பிடித்து எதிர்ப்பக்கம் மடக்கி நிமிர்த்துவது. அந்த நேரத்துக்கு நிமிரும், உண்மைதான். ஆனால் மெருகில் தலைமயிர் அளவு வெடிப்புகள் விழும். பிறகு ஈரம் நுழைய அவையே வாசல். செய்ய வேண்டியது எளிது: கட்டைச் சுத்தமான வெள்ளைத் தாளில் சுற்றி, உலர்ந்த பெட்டியொன்றில் வைத்து, மேலே நான்கைந்து தடித்த புத்தகங்களை ஏற்றி ஒரு வாரம் மறந்துவிடுங்கள்.

உலர்ந்த பெட்டி என்றதும் பொலித்தீன் பை நினைவுக்கு வரும். மழை நாளில் அட்டையைப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினால் வெளி ஈரம் உள்ளே போகாது, சரி. உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஈரம் எங்கே போகும்? அடைபட்ட காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நின்றுவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பைக்குள் அரிசி போடுவதையும் கண்டிருக்கிறேன். அரிசி உறிஞ்சுவது சொற்பம். தவிட்டுத் தூசும் வண்டும் இலவசம். சப்பாத்துப் பெட்டிகளிலும் மருந்துப் போத்தல்களிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் எடுத்துவையுங்கள். இறுக்கமான மூடியுள்ள ஒரு பிஸ்கட் தகரத்துக்கு ஒரு சிறு பொட்டலம் போதும். நல்லதென்று ஐந்தாறைப் போட்டால் காற்று அளவுக்கு மீறி வறண்டு, அட்டை மறுபக்கம் வளையும். வருடக்கணக்கில் ஒரே பொட்டலத்தை வைத்திருப்பதும் வீண். நிறைந்தபின் அது வெறும் மணல். நிறம் மாறும் வகை கிடைத்தால் நல்லது. செம்மஞ்சள் மணி பச்சையானால் வேலை முடிந்துவிட்டது என்று பொருள். பைக்குள்ளிருந்து கொட்டி, அதற்கென ஒதுக்கிய தட்டில் மெல்லிய சூட்டில் உலர்த்தினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். தகரத்தின் உட்புறம் ஒரு தாள் விரிப்பது அவசியம். நாவாந்துறை, குருநகர்ப் பக்கத்து உப்புக்காற்றில் தகரம் துருவேறாமல் இருக்காது.

வெளிநாட்டிலிருந்து வந்த கட்டைப் பெட்டி உடைத்த கையோடு விரித்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. கனடாவில் பனிக்காலத்துச் சூடேற்றிய வீட்டுக் காற்று மிக வறண்டது. அங்கே இருந்த கடதாசி இங்கே மார்கழி ஈரத்தில் திடீரென்று வாய் திறக்கிறது. பெட்டியோடு மூன்று நான்கு நாள் அலுமாரியில் இருக்கட்டும், மெதுவாகப் பழகிக்கொள்ளும்.

பூஞ்சணம் பிடித்துவிட்டால் ஈரத்தோடு துடைக்கக்கூடாது. வித்துகள் பரவி நாருக்குள் இறங்கும். அந்த அட்டைகளைத் தனியே பிரித்து, நிழலில் காற்றோட்டமான இடத்தில் காயவிட்டு, முகக்கவசம் அணிந்து வெளியே கொண்டுபோய் மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். மணம் உடனே போகாது.

எங்கே வைப்பது என்பதிலும் பிழைகள் உண்டு. மழைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியின் அடித்தட்டு கறையானுக்கும் ஈரத்துக்கும் உரிய இடம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நடுத்தட்டில் வையுங்கள். பூச்சி உருண்டையை அட்டையோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்குகளை இளகவைக்கும். உங்கள் மூச்சுக்கும் நல்லதல்ல. பச்சை வேப்பிலை ஈரமும் கறையும் விடும். உலர்ந்த வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம். ஏட்டுச் சுவடிகளுக்கு நம்மவர் வைத்ததுதான். ஆனால் ஏட்டுக்குப் பூசும் எண்ணெயை அட்டைக்கும் பூசலாம் என்று யாரும் புறப்படவேண்டாம். பனையோலை எண்ணெயை ஏற்று நெகிழும். கடதாசி அதைக் குடித்துக் கறையாக வைத்துக்கொள்ளும்.

இறப்பர் பட்டி போட்டுக் கட்டுவது மிகச் சாதாரணமான தவறு. இந்த வெக்கையில் அது ஒரு வருடத்துக்குள் இளகி, மேல் அட்டையில் மண்ணிறக் கோடொன்றைப் பதித்துவிடும். அந்தக் கோடு எதற்கும் போகாது. அதற்கு முன்பே நடு ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கும். பழைய பருத்திச் சால்வைத் துண்டு போதும். பட்டு என்று வற்புறுத்துகிறவர்கள் பட்டிலேயே சுற்றட்டும், தீங்கில்லை. வெல்வெட் மட்டும் பஞ்சு உதிர்க்கும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு திரிவதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

கலைப்பதற்கு வருவோம். இங்கே காட்ஸ் என்றால் முன்னூற்றுநாலு. கை அந்தப் பழக்கத்திலேயே போகும்: கட்டை இரண்டாகப் பிரித்து, விரலால் வளைத்து, சடசடவென்று ஒன்றுக்குள் ஒன்று விழவிடுவது, பிறகு துரும்பை ஓங்கி நிலத்தில் அடிப்பது. முன்னூற்றுநாலுக்கு 32 அட்டை, கைக்குள் அடங்கும். பழுதானால் கடையில் இன்னொரு கட்டு வாங்கிக்கொள்ளலாம். டாரட் அட்டை வழக்கமாக ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் அகலமும் 12 சென்ரிமீற்றர் நீளமும் உள்ளது. அந்த நீளத்தை வளைத்தால் நடு முறியும், மூலை தும்பாகும். கட்டைப் பக்கவாட்டில் பிடித்துச் சிறு சிறு பிடியாக முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுங்கள். அல்லது துணி விரித்து அதன்மேல் பரப்பிக் கலக்குங்கள். துணி முக்கியம். சீமெந்து நிலத்திலோ பனையோலைப் பாயிலோ நேரடியாகப் பரப்பினால், சோளகம் கொண்டுவந்து போட்ட மண் துகள்கள் அடியில் அரத்தின் வேலையைச் செய்யும். இணுவில், கோப்பாய்ப் பக்கச் செம்மண் என்றால் அரைப்பதோடு நிறமும் ஏற்றும். கோயிலால் வந்த கையில் திருநீறும் சந்தனமும் இருக்கும். அது பக்திக்கு நல்லது, அட்டைக்கு அல்ல. தலைக்கு எண்ணெய் வைத்த கையும் சோறு உண்ட கையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முழுதாக உலர்ந்த பிறகே கட்டைத் தொட வேண்டும். கைச் சுத்திகரிப்புத் திரவம் பூசிவிட்டு உடனே எடுத்தால் அதிலுள்ள மதுசாரம் மெருகைத் தாக்கலாம், கிளிசரின் பிசுபிசுப்பை விடும்.

அழுக்கான அட்டையை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். மெருகு தாங்கினாலும் வெட்டிய ஓரம் தாங்காது. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லத் துடைத்தால் போதும். வழுக்கவில்லை என்று கரம் போட் மாவைத் தூவுவது வீண் வேலை. அந்த மாவு ஓரங்களில் தங்கி, ஈரத்தோடு சேர்ந்து பசையாகும்.

பாதுகாப்பென்று நினைத்துச் செய்யும் பெரிய அழிவு ஒன்று மிச்சமிருக்கிறது: 78 அட்டையையும் போட்டோப் பிரதிக் கடையில் கொடுத்து லமினேற் செய்வது. பக்கத்துக்கு 100 மைக்ரோன் படலம் என்றாலே ஓர் அட்டைக்கு 0.2 மில்லிமீற்றர் கூடும். முழுக் கட்டுக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல். அதைக் கையில் பிடிக்கவும் முடியாது, கலைக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. உறை வேண்டுமென்றால் பொலிப்புரொப்பிலீன் உறையாகப் பார்த்து வாங்குங்கள். புது மழையங்கி மணம் வந்தால் அது பிவிசி. வெக்கையில் அதன் மென்மையாக்கி கசிந்து படத்தோடு ஒட்டும். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை மஞ்சளாகி வழியும். ஓரத்தில் படை பிரிந்திருந்தால் பற்குச்சி முனையில் துளி வெள்ளைப் பசை எடுத்து வைத்து, எண்ணெய்த்தாளுக்கு இடையில் ஒரு நாள் அழுத்தி வையுங்கள். வெளுத்த ஓரத்துக்கு மார்க்கர் பேனா பூசுபவர்கள் முதலில் வேண்டாத அட்டையொன்றில் பூசிப் பார்க்கட்டும். மை படத்துக்குள் ஊறுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பிடித்த அட்டையை எடுத்துச் சுவரில் குத்தி வைக்கும் ஆசை இன்றைக்குத் தோன்றியதல்ல. 15ஆம் நூற்றாண்டில் மிலானின் பிரபுக் குடும்பங்களுக்காகக் கையால் தீட்டிய விஸ்கொன்தி-ஸ்ஃபோர்ஸா அட்டைகள் பலவற்றின் மேல் விளிம்பில் ஆணித் துளை இருக்கிறது. அவற்றுள் புகழ்பெற்ற கட்டு ஒன்றில் இன்று இருப்பவை 74. பேய், கோபுரம், வாள் மூன்று, நாணயக் குதிரைவீரன் ஆகிய நான்கும் கிடைக்கவில்லை. உங்கள் கட்டில் ஒன்று தொலைந்தால், அதே பெயருள்ள இன்னொரு கட்டிலிருந்து எடுத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். பரவலாகப் புழங்கும் 1909ஆம் ஆண்டு லண்டன் வடிவமைப்பையே பல பதிப்பகங்கள் வேறுவேறு அளவிலும் முதுகுப் படத்திலும் அச்சிடுகின்றன. பதிப்பகம் ஒன்றானாலும் பழைய அட்டைகளுக்கு நடுவில் புதியது வெளுக்காத ஓரத்தோடு தனித்துத் தெரியும். கவிழ்த்து வைத்திருக்கும்போதே அது எந்த அட்டை என்று கை கண்டுபிடித்துவிடும். அப்படியானால் புதுக் கட்டு வாங்குவதுதான் வழி; மிஞ்சிய 77ஐயும் பசையையும் மார்க்கரையும் சோதித்துப் பார்க்க எடுத்துவைக்கலாம்.