வயலில் மருத்துவக் கழிவு எரிக்கப்பட்டால், உழுவதற்கு முன் செய்ய வேண்டியவை

2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த கோடகநல்லூர், நடுக்கல்லூர், கொண்டாநகரம் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. அதை மூன்று நாட்களுக்குள் அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டதையடுத்து, கேரள அரசு லாரிகளை அனுப்பிக் கழிவை அள்ளிச் சென்றது. அந்தக் கழிவு எங்கிருந்து வந்தது என்பதைக் குவியலில் கிடந்த காகிதங்களே காட்டிக் கொடுத்தன. அது எரிக்கப்பட்டிருந்தால் காகிதங்களும் சாம்பலாகியிருக்கும், நஞ்சும் மண்ணோடு கலந்திருக்கும். இரவோடு இரவாகக் கொட்டித் தீ வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அதுவே வசதி. அப்படி எரிக்கப்பட்ட நிலத்துக்கு உரியவர் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு சொல்லப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்த இடத்தை உழக் கூடாது. அடுப்புச் சாம்பலை உரமாக இட்டுப் பழகிய நமக்கு, கறுத்துக் கிடக்கும் சாம்பலை மண்ணோடு புரட்டிவிடுவதே இயல்பாகத் தோன்றும். ஆனால் இது விறகுச் சாம்பல் அன்று. குளுக்கோஸ் ஏற்றும் குழாய், இரத்தப் பை, கையுறை போன்ற பொருள்களில் பலவும் குளோரின் கலந்த பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்னும் நச்சுச் சேர்மங்கள் உருவாகின்றன. முறையான எரிஉலையில் முதல் அறை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸிலும், புகை செல்லும் இரண்டாம் அறை 1,050 டிகிரியிலும் இருக்க வேண்டும் என்றும், அங்கே புகை குறைந்தது இரண்டு விநாடி தங்க வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. குழாயையும் சிரிஞ்சையும் அந்த விதிகள் எரிக்கவே சொல்லவில்லை. சிவப்புப் பையில் சேர்த்து, நீராவியில் கிருமி நீக்கி, மறுசுழற்சிக்கு அனுப்பச் சொல்கின்றன. வயற்குழியில் மூட்டிய தீயில் அந்த வெப்பமும் கிடையாது, புகையை வடிகட்ட வழியும் கிடையாது. இவற்றோடு உடைந்த வெப்பமானியின் பாதரசமும், பிளாஸ்டிக்கில் சேர்க்கப்பட்ட காரீயமும் காட்மியமும் சேர்ந்துகொள்ளும். ஒரு சென்ட் அளவில் மேலாகக் கிடப்பதை ஓர் உழவு வயல் முழுவதும் பரப்பி, ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கிவிடும். பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது.

தீ இன்னும் எரிந்துகொண்டிருந்தால் காற்று வரும் பக்கமாக விலகி நின்று, தீயணைப்புத் துறைக்கும் காவல் துறைக்கும் தகவல் சொல்லுங்கள். வாய்க்கால் நீரைத் திருப்பிவிட்டு அணைக்க முயன்றால் சாம்பல் அடுத்த வயலுக்கும் கிணற்றுக்கும் போகும். தீயில் ஊசிகள் அழிவதில்லை என்பதால், வெறுங்காலோடு அருகில் செல்வதும் கையால் கிளறுவதும் கூடாது. யாருக்காவது ஊசி குத்திவிட்டால், அழுத்திப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குப் பின் அதனால் பயனில்லை.

அடுத்து, எரியாமல் மிஞ்சிய பைகளின் பட்டைக்குறியீடு (பார்கோடு), மருந்துச் சீட்டு, ரசீது, வண்டித் தடம் ஆகியவற்றைத் தொடாமல், இடமும் நேரமும் பதிவாகும்படி படமெடுங்கள். மருத்துவக் கழிவுப் பைகளுக்குப் பட்டைக்குறியீடு கட்டாயம் என்பதால், பாதி கருகிய ஒரு பை போதும், கழிவின் ஊற்றை அதிகாரிகள் கண்டுபிடித்துவிடலாம். கிராம நிர்வாக அலுவலர், காவல் நிலையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஆகிய மூன்று இடங்களிலும் புல எண்ணைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். வாய்மொழியாக மட்டும் சொன்னால் பின்னால் காட்டச் சான்று இருக்காது. இவ்வகைக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோரைத் தடுப்புக் காவலில் வைக்க இடமளிக்கும் வகையில் தமிழ்நாட்டில் 2025-இல் சட்டம் திருத்தப்பட்டிருப்பதையும் காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்லலாம்.

அதிகாரிகள் வருவதற்குள் மழை வரும் போலிருந்தால், சாம்பல் மேட்டைத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து, சுற்றிலும் சிறு வரப்புக் கட்டுங்கள். ஒரு கனமழையில் நடக்கக்கூடிய கேட்டை இந்த அரை நாள் வேலை தடுத்துவிடும். சாம்பலை அள்ளுவது உங்கள் வேலை அன்று. வாரியத்தின் மேற்பார்வையில், அனுமதி பெற்ற கழிவு நிறுவனம், சாம்பலையும் அதன் அடியில் கருகிய மேல்மண்ணையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும் என்று மனுவிலேயே கேளுங்கள்.

மண் பரிசோதனையில் பலர் ஏமாந்துபோகிறார்கள். வேளாண் துறையின் வழக்கமான மண் பரிசோதனை, தழை மணி சாம்பல் சத்துகளையும் கார அமில நிலையையும் சொல்லுமே தவிர, காரீயத்தையோ டையாக்சினையோ சொல்லாது. “மண் நன்றாக இருக்கிறது” என்ற அந்த அட்டையை வைத்துக்கொண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்களின் சோதனைக்கு, ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை நாட வேண்டும். டையாக்சின் சோதனை செலவு மிகுந்தது, அதைச் செய்யும் வசதி சில ஆய்வகங்களில் மட்டுமே உண்டு. அதனால் அதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பில் செய்யும்படி கோருவதே நல்லது. எரித்த இடத்தில் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணைத் தனியாகவும், அதற்குக் கீழே 15 முதல் 30 சென்டிமீட்டர் வரையுள்ள மண்ணைத் தனியாகவும், புகை சென்று படிந்த திசையில் சில இடங்களில் மேல்மண்ணையும், புகை எட்டாத, அதே வகை மண்ணுள்ள ஓரிடத்தில் ஒப்பீட்டு மாதிரியையும் எடுக்க வேண்டும். இந்த ஒப்பீட்டு மாதிரி இல்லாவிட்டால், உங்கள் மண்ணில் அந்த உலோகம் முன்பே இருந்தது என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைத்துவிடும். துத்தநாகம் பூசிய கருவிகளைத் தவிர்த்துத் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியைப் பயன்படுத்துங்கள். டையாக்சினுக்கான மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் இடுங்கள்.

முடிவு வரும்வரை அந்த நிலத்தில் கோழியையும் மாட்டையும் விடவே கூடாது. டையாக்சின் நீரில் கரையாது, மண்ணின் மட்கோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கும். பெரும்பாலான பயிர்களின் வேர் அதை அதிகம் உறிஞ்சாது. ஆனால் மண்ணைக் கொத்தித் தின்னும் கோழியின் முட்டையிலும், தூசி படிந்த புல்லை மேயும் பசுவின் பாற்கொழுப்பிலும் அது சேரும். அங்கிருந்து வீட்டுக் குழந்தைகளின் உடலுக்குப் போகும். புகை படிந்த கீரையையும் வைக்கோலையும் சந்தைக்கும் தொழுவத்துக்கும் அனுப்பாதீர்கள்.

சோதனையில் உலோகம் மிகுந்திருப்பது தெரிந்தால் கீரை, முள்ளங்கி, பூசணி, சுரை ஆகியவற்றைச் சில ஆண்டுகள் தவிர்க்க வேண்டும். காட்மியத்தைக் கீரைகள் எளிதில் இழுக்கும், பூசணிக் குடும்பத்துக் கொடிகளில் சில டையாக்சினையும் வேர்வழி ஏற்றும். உண்ணாத பயிராகச் சவுக்கு நடுவது பாதுகாப்பானது. மண் அமிலத்தன்மை உடையதானால் சுண்ணாம்பும் தொழுவுரமும் இட்டுக் காட்மியத்தைப் பயிருக்கு எட்டாமல் கட்டலாம். ஆனால் இது உலோகத்தை மண்ணிலிருந்து அகற்றாது, டையாக்சினுக்கு எந்த வகையிலும் மருந்தாகாது. எரித்த இடத்து மேல்மண்ணை எடுத்துவிட்டு நல்ல மண் நிரப்புவதே உறுதியான வழி.

அந்தச் செலவை நீங்கள் சுமக்கக் கூடாது. 2010-ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இழப்பீட்டையும் நிலத்தை மீட்டுத் தருவதையும் கோர வழிசெய்கிறது. அதற்கான கெடு ஐந்து ஆண்டுகள். 14-ஆம் பிரிவின் கீழ் சுற்றுச்சூழல் வழக்காகக் கொண்டுசெல்வதானால் ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பட்டா, எரிக்கப்பட்ட பருவத்தில் என்ன பயிர் நின்றது என்பதைக் காட்டும் அடங்கல் நகல், புகார் ஒப்புகைகள், படங்கள், ஆய்வக அறிக்கை ஆகியவற்றைத் திரட்டி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் முதலில் காட்டுங்கள்.