தோப்புக் கல்யாணமா? ஓலை வேலையை இப்படிப் பிரியுங்கள்

பழைய பாணியில் தோப்பிலோ முற்றத்திலோ கல்யாணம் வைப்பவர்கள் முதலில் மாதத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தை, மாசி என்றால் திறந்தவெளிக்கு அவ்வளவு பயமில்லை.

பனையோலைப் பெட்டி, விசிறி, ஓலைக்கிளி, பழைய பட்டுப்புடவைக் கரையில் தைத்த தோரணம் எல்லாம் மாதக்கணக்கில் கெடாது. ஓய்வு கிடைக்கும்போதே செய்து வைக்கலாம். ஓலை நன்றாகக் காய்ந்திருக்கட்டும், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். தென்னங்குருத்துத் தோரணம் அப்படியல்ல. முதல் நாள் மாலைதான் பின்ன வேண்டும். பின்னியதை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்து, விடியற்காலையில் கட்டுங்கள். முகூர்த்தம் முடியும்வரை வாடாது. அத்தைமார், சித்திமாரை உட்கார வைத்துவிட்டால் கதையோடு கதையாக வேலை முடிந்துவிடும்.

தென்னங்கீற்றுப் பந்தல் ஷாமியானாவைவிடக் குளிர்ச்சி. ஆனால் ஹோமகுண்டத்துக்கு மேலே கீற்று தாழ்ந்திருக்கக் கூடாது, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் இருக்கட்டும். வழிநெடுக அகல்விளக்கு வைத்தால் காற்றில் அணையும்; கண்ணாடி போட்ட அரிக்கேன் விளக்கே நல்லது.

தாத்தா பாட்டி கல்யாண போட்டோவை வாசலில் வைக்க ஆசையா? நகல் எடுத்து வையுங்கள். அசல் வெயில் படாமல் வீட்டிலேயே இருக்கட்டும்.