வீட்டில் ஒருவருக்கு க்ளியோபிளாஸ்டோமா: நீலகிரிக் குடும்பங்கள் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'க்ளியோபிளாஸ்டோமா, கிரேடு 4' (மூளையில் வேகமாக வளரும் புற்றுநோய்க் கட்டி) என்று வந்துவிட்டால், நோயாளி தெளிவாகப் பேசும் நாட்களை வீணாக்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்து, ஸ்டீராய்டு மாத்திரை மூளை வீக்கத்தை வடியவைத்ததும் பலர் பழைய ஆளாகவே தெரிவார்கள். "இப்பதான் தேறி வர்றார், இப்பப் போய் இதைப் பேசணுமா" என்று வீட்டில் தள்ளிப்போடுவார்கள். பேச்சு குழறிய பிறகு கேட்க நினைத்தால் கேட்க முடியாது.

அந்த நாட்களில் முதலில் பேங்க் கணக்கைப் பாருங்கள். கூட்டுறவு தேயிலைத் தொழிற்சாலையின் பசுந்தேயிலைப் பணம் அவர் பெயரில் மட்டும் வருகிறதென்றால், இருவரில் யாரும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். பவர் பத்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். எழுதிக்கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்தால் அது செல்லாமல் போகும். உயில் எழுத இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை.

நோயை அவரிடம் மறைப்பது பாசத்தால்தான். ஆனால் மறைத்தால் அவர் சொல்ல நினைத்ததையும் சொல்ல விடாமல் செய்துவிடுகிறோம். "அப்பா, ஸ்கேன்ல வந்ததை முழுசா சொல்லட்டுமா, இல்ல நீங்க கேக்கிறப்ப மட்டும் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலின்படி நடங்கள். எவ்வளவு காலம் என்று கேட்டால்: ஆபரேஷன், கதிர்வீச்சு, டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை மூன்றும் எடுத்தவர்களில் பாதிப் பேர் சுமார் 15 மாதம் தாண்டினார்கள் என்றது 2005-ல் வெளியான பெரிய ஆய்வு. நான்கில் ஒருவர் இரண்டு வருடத்தையும் தாண்டினார். வயது, உடல்நிலை, கட்டியின் மரபணுப் பரிசோதனை இவற்றைப் பொறுத்து இது மாறும்.

கீழே இறங்குவது

கதிர்வீச்சு பொதுவாக 30 தடவை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். அதற்கு முன் முகத்துக்கு மாஸ்க் செய்து, ஸ்கேன் எடுத்துத் திட்டமிட இன்னும் சில நாட்கள் ஆகும். ஊட்டியிலிருந்து தினமும் கோவை போய்வருவது நடக்காத காரியம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்தே உடம்பு சோர்ந்துபோகும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்து, இரண்டு பேர் முறைவைத்துத் தங்குங்கள். வயதானவர், மிகவும் பலவீனமானவர் என்றால் 15 தடவையில் முடிக்கும் முறையும் உண்டு. டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்பதால் வருமானச் சான்றை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கோழிக்கோடு பக்கம் போவதானால், அந்த ஆஸ்பத்திரியில் இந்தக் கார்டு செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை போக வேண்டியிருந்தால், டாக்டர் கையெழுத்திட்ட படிவத்துக்குப் புற்றுநோயாளிக்கும் துணைக்கும் ரயில் கட்டணச் சலுகை கிடைக்கும்.

மாத்திரைகளில் நடக்கும் தவறுகள்

டெமோசோலமைடு 20, 100, 250 மில்லிகிராம் கேப்ஸ்யூல்களாக வரும். கதிர்வீச்சு நடக்கும்போது தினமும் சின்ன டோஸ். உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு 120 மில்லிகிராம், அதாவது ஒரு நூறும் ஒரு இருபதும். அது முடிந்து சுமார் ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு டோஸ் இரண்டு மடங்காகும், ஆனால் 28 நாளில் 5 நாள் மட்டுமே. பழக்கத்தில் ஆறாம் நாளும் கொடுத்துவிட்டால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஐந்து நாளையும் காலண்டரில் வட்டமிட்டு, கொடுத்ததும் அடியுங்கள். வாந்தி மாத்திரை கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, வெறும் வயிற்றில் கொடுங்கள். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கரைக்கக் கூடாது. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள்.

வீக்கத்தை வடியவைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனைச் சாப்பாட்டுக்குப் பின் காலையும் மதியமும் கொடுப்பது வழக்கம். இரவில் கொடுத்தால் தூக்கம் போகும். சர்க்கரை ஏறும், வாய்க்குள் வெள்ளை படியும், தொடை வலுவிழந்து இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழ முடியாது. கமோட் நாற்காலியை முன்பே வாங்குங்கள். இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழுந்துவிடலாம். மழையில் மண் சரிந்து பர்லியார் ரோடும் கோத்தகிரி ரோடும் ஒரே நேரத்தில் அடைபடுவதுண்டு. டெக்ஸாவும் வலிப்பு மாத்திரையும் பத்து நாளுக்காவது கையிருப்பில் இருக்கட்டும்.

வலிப்பு வந்தால்

ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மணியைப் பாருங்கள். கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை டாக்டர் எழுதிய அளவில் அடித்து, 108-ஐக் கூப்பிடுங்கள். மேட்டில் இருக்கும் ஹட்டிக்கும் (படுகர் ஊர்) எஸ்டேட் லைன் வீட்டுக்கும் வண்டி வர நேரமாகும் என்பதால் ஸ்பிரேயை டிஸ்சார்ஜ் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். வலிப்பு வந்தவர் ஜீப் ஓட்டக் கூடாது, மிளகு பறிக்க சில்வர் ஓக் மரம் ஏறக் கூடாது.

வீட்டுக்குள்

கட்டி வலது மூளையில் இருந்தால் சிலருக்கு இடதுபக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தட்டின் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும். பசியில்லை என்று நினைக்காமல் தட்டைத் திருப்பி வையுங்கள். பேச்சு தடுமாறினால் "என்ன வேணும்?" என்று கேட்காமல் "டீ வேணுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சாது மனிதர் மனைவியைத் திட்டுவார், தட்டை எறிவார். கட்டியும் ஸ்டீராய்டும் சில வலிப்பு மாத்திரைகளும் அப்படிச் செய்யும். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பார். அம்மா தனியாகத் தாங்கட்டும் என்று விடாதீர்கள்.

குளிருக்குக் கரி அடுப்பை மூடிய அறையில் வைக்கவே கூடாது. அதன் புகை எல்லோருக்கும் ஆபத்து. இவருக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தால் கட்டிதான் என்று எண்ணி அசட்டையாக இருந்துவிடுவோம். உணர்ச்சியற்ற பக்கத்தில் சுடுதண்ணீர்ப் பை வைத்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. கம்பளியும் சாக்ஸும் போதும்.

ரோட்டுக்கு மேலோ கீழோ படிக்கட்டு வீடு என்றால், கைப்பிடி உள்ள மர நாற்காலியில் உட்காரவைத்து, மார்பைச் சுற்றிப் போர்வையால் கட்டி, நால்வர் தூக்குங்கள். ஏறினாலும் இறங்கினாலும் அவர் முகம் பள்ளத்தைப் பார்க்க, நாற்காலி பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். ஒற்றைக் கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கட்டிக்கான சிகிச்சையை நிறுத்தும் கட்டம்

கட்டி திரும்ப வளர்ந்து, நாளில் பெரும்பகுதி தூங்குபவரை இன்னொரு ஸ்கேனுக்காக மலை இறக்குவதால் என்ன மாறும் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். ஒன்றும் மாறாது என்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தண்ணீர் குடித்தால் இருமினால் படுத்தபடி எதுவும் ஊற்றாதீர்கள்; நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியான ராகிக் கஞ்சி ஸ்பூன் ஸ்பூனாக. விழுங்குவது நின்றால் வலிப்பு மாத்திரையும் நின்றுவிடும், வலிப்பு திரும்பும். அந்த நாளுக்கு வேறு வழியில் கொடுக்கும் மருந்து எது, அளவு என்ன, ராத்திரியில் யாருக்குப் போன் செய்வது என்று விழுங்க முடிகிறபோதே நர்ஸிடம் எழுதி வாங்கி, கட்டில் பக்கச் சுவரில் ஒட்டிவையுங்கள்.