வழுநீக்கி தமிழை எப்படி வாசிக்கிறது: ஜிடிபியில் குறியாக்கச் சோதனை

துறைமுகத்தை அண்டிய கடையொன்றுக்காக நான் எழுதிய பற்றுச்சீட்டு நிரல், மூதூர் என்ற ஊர்ப்பெயரைச் சரியாக அச்சிட்டது. திருகோணமலையை மட்டும் 'திருகோ' என்று நறுக்கி, பின்னால் ஒரு கறுப்புப் பெட்டியைப் போட்டது. அச்சுப்பொறியில்தான் கோளாறு என்று எண்ணி அதனோடு இரண்டு நாட்களைக் கழித்தேன். பிறகு, நிரலை நடுவில் நிறுத்தி அதன் உள்ளே பார்க்க உதவும் ஜிடிபி என்ற வழுநீக்கியைத் திறந்தபோது, அது எழுத்துகளுக்குப் பதிலாக எண்களையே வரிசையாகக் காட்டியதால், நிரல் தவறா, நிரலைக் காட்டும் வழுநீக்கி தவறா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. தமிழ்த் தரவோடு வேலை செய்பவர் எவரும், பிழை வருமுன்பே தம் வழுநீக்கியைச் சோதித்து வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கீழே வருவது லினக்ஸ் கணினியில் ஜிசிசி என்ற தொகுப்பியும் ஜிடிபியும் கொண்டு செய்யும் முறை. கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சும்போது ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும்.

முதலில், விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, எடுத்துக்கொள்ள வேண்டும். 'திருகோணமலை' இதற்கு மிகவும் ஏற்றது. வாசிப்பவருக்கு அதில் 6 எழுத்துகள். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் கணக்கில் உயிர்க்குறிகள் தனியாக எண்ணப்படுவதால் 10 குறியெண்கள். அந்த எண்களைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட்டுகளைப் பிடிப்பதால் 30 பைட்டுகள், முடிவைக் குறிக்கும் சுழியத்தோடு 31. 'த' என்பதன் குறியெண் 2980. அதன் மூன்று பைட்டுகளை எட்டின் அடியில் (0 முதல் 7 வரையான இலக்கங்களால்) எழுதினால் 340, 256, 244 என வரும். அதன்மேல் ஏறும் இகரக் குறி 340, 256, 277. எட்டின் அடியில் சொல்வதற்குக் காரணம், எழுத்தாகக் காட்ட இயலாத பைட்டை ஜிடிபி அப்படித்தான் பின்சாய்கோட்டுடன் காட்டும் என்பதே. தமிழ்ப் பகுதியின் எழுத்துகள் எல்லாம் 340-இல் தொடங்கி, அடுத்த பைட்டாக 256 அல்லது 257-ஐக் கொண்டிருக்கும். சிங்கள எழுத்துகளும் 340-இல் தொடங்கினாலும் அடுத்த பைட் 266 அல்லது 267 ஆக இருக்கும். இரு மொழிப் பெயர்களும் கலந்து வரும் நம் மாவட்டத்துப் பட்டியல்களில், எழுத்துருவே இல்லாத திரையிலும் எது எந்த மொழி என்று இதைக்கொண்டு சொல்லிவிடலாம்.

சோதனை நிரலில் இந்தச் சரத்தைத் தமிழ் எழுத்தாக எழுதாமல், பின்சாய்கோட்டுடன் கூடிய பைட் எண்களாகவே எழுதுங்கள். எழுத்தாக எழுதினால், தொகுப்பியும் உரைத்தொகுப்பானும் நடுவில் ஏதும் மாற்றினவா என்ற ஐயம் கடைசிவரை தொடரும். நிரலை 'ஜி' என்ற வழுநீக்கத் தெரிவோடு தொகுத்து, சரத்துக்கு மதிப்பு ஏறிய வரியின் கீழே, ஓட்டத்தை நிறுத்தும் நிறுத்துப்புள்ளி ஒன்றை வைத்தால் போதும்.

ஜிடிபியைத் தொடங்கியதும் 'ஷோ சார்செட்' என்று கேளுங்கள். மூன்று குறியாக்கங்களை அது சொல்லும்: ஹோஸ்ட் என்பது உங்கள் முனையத்துக்கு ஜிடிபி எழுதும் குறியாக்கம், டார்கெட் என்பது சோதிக்கப்படும் நிரலின் சாதாரண எழுத்துச் சரங்களுடையது, டார்கெட்-வைட் என்பது ஒவ்வொன்றுக்கும் 16 அல்லது 32 பிட் ஒதுக்கும் அகல எழுத்துகளுடையது. தனியாக அமைக்காவிட்டால் ஹோஸ்ட்டை உங்கள் மொழிச்சூழலிலிருந்தே அது ஊகித்துக்கொள்ளும். எனக்கு எண்கள் மட்டும் வந்ததன் காரணமும் இங்கேதான் இருந்தது: தொலைவிலிருந்த கணினிக்குள் நுழைந்தபோது லாங் என்ற சூழல் மாறி வெறும் 'சி' என்றிருந்ததால், முனையத்துக்கு ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி மட்டுமே தெரியும் என்று ஜிடிபி முடிவுசெய்திருந்தது. அந்த மாறியை 'சி.யூடிஎஃப்-8' என்று மாற்றி ஜிடிபியை மறுபடி தொடங்கியவுடன் தமிழ் வந்தது.

அமைப்பை மாற்றினால் ஜிடிபி உண்மையிலேயே அதன்படி நடக்கிறதா என்பதைத் தமிழுக்கு முன் ஒரு கூட்டல் குறியைக் கொண்டு பார்த்துவிடுவது நல்லது. ஒற்றை மேற்கோளுக்குள் கூட்டல் குறியை இட்டு 'பிரிண்ட்' செய்தால் 43 என்று வரும். 'செட் டார்கெட்-சார்செட் ஐபிஎம்1047' என்று மாற்றிவிட்டு அதையே திரும்பக் கேட்டால் 78 என்று வர வேண்டும். பழைய ஐபிஎம் பெருங்கணினிகளின் குறியாக்கம் அது; நமக்கு வேறு பயன் இல்லாவிட்டாலும், மாற்றம் நடந்ததா என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இனி டார்கெட்டை யூடிஎஃப்-8 ஆக்கிச் சரத்தை அச்சிடுங்கள். அதோடு நில்லாமல், 'எக்ஸ்' கட்டளையால் அதே முகவரியிலிருந்து 30 பைட்டுகளை எட்டின் அடியில் கேட்டு, எழுத்தையும் பைட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். பிறகு டார்கெட்டை ஐஎஸ்ஓ-8859-1 என்று வேண்டுமென்றே தவறாக வையுங்கள். 10 குறியெண்களும் 30 துண்டுகளாகச் சிதறும். சாய்கோடு ஏந்திய ஆங்கில ஏயும், வட்டத்துக்குள் ஆர் கொண்ட பதிவுக் குறியும் மாறிமாறி வரும். 'க' வரும் இடத்தில் மூன்றாவது பைட்டான 225 அந்தக் குறியாக்கத்தில் கட்டுப்பாட்டுக் குறி என்பதால், அது எண்ணாகவே நிற்கும். கெட்டுப்போன மின்னஞ்சல்களில் நாம் கண்டு சலித்த கோலம்தான் இது. திரையில் இந்தக் கோலத்தைக் காணும்போது, தரவு நலமாக இருக்கிறது, வாசிப்புத்தான் பிழை என்று அறிந்துகொள்ள, அதை ஒருமுறை நாமே வரவழைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது நறுக்கிய சரம். 20 பைட் அணிக்குள் திருகோணமலையை வெட்டி இட்டால், முடிவுச் சுழியம் போக 19 பைட்டுகள் எஞ்சும்: ஆறு குறியெண்கள் முழுதாக, ஏழாவதான ணகரத்தின் முதற்பைட் மட்டும் தனியாக. நல்ல வழுநீக்கி 'திருகோ' என்று காட்டி, 'இன்கம்ப்ளீட் சீக்குவன்ஸ்' என்ற குறிப்போடு 340-ஐத் தனியே சொல்லும். என் பற்றுச்சீட்டின் கறுப்புப் பெட்டி இந்த ஒற்றைப் பைட்தான். மூதூர் 18 பைட்டுகளே என்பதால் தப்பியது. சரத்தின் நடுவில் ஓர் எழுத்தின் மூன்றாம் பைட்டை எடுத்துவிட்டு அங்கே ஆங்கில எழுத்தொன்றை வைத்தும் பாருங்கள்: 340-உம் 256-உம் எண்களாக நிற்க, அடுத்த எழுத்திலிருந்து வாசிப்பு ஒழுங்காகத் தொடர வேண்டும். ஒரு கெட்ட பைட்டுக்காக மீதிச் சரம் முழுவதையும் குழப்பும் கருவியை நம்ப முடியாது.

கோகாரத்தை இரண்டு விதமாகவும் சோதிக்கத் தவறாதீர்கள். ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். 3015, 3006 என்று ஏகாரக் குறியும் காலுமாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டாவது வடிவில் சரம் 33 பைட்டுகளாக நீளும். ஜிடிபி இரண்டையும் இணைத்து ஒன்றாக்காமல், உள்ளபடியே காட்டுவதுதான் சரி. தேடினால் கிடைக்காத பெயர்களின் பின்னணியில் இந்த வேறுபாடு அடிக்கடி இருக்கும்.

அகல எழுத்துகளுக்கு, ஜிடிபியிலேயே மூதூர் என்ற சரத்தை இட்டு 'சைஸ்ஆஃப்' கேட்கலாம். சாதாரணச் சரம் 19, 16 பிட் சரம் 14, 32 பிட் சரம் 28 என்று வர வேண்டும். சி மொழி நிரலில் அந்த வகைகள் எங்கேனும் பயன்பட்டிருந்தால்தான் ஜிடிபிக்கு அவை தெரியும். யூடிஎஃப்-16-ஐக் கடுமையாகச் சோதிக்க, 2019-இல் யூனிகோட் 12.0 சேர்த்த தமிழ்ப் பின்னக் குறிகள் உதவும்: 320-இல் ஒரு பங்கான முந்திரியின் குறியெண் 73664, அது 16 பிட்டுக்குள் அடங்காமல் 55303, 57280 என்ற இணையாகப் பிரியும். பழைய கணினி நூலகத்துக்கு இந்தக் குறி தெரியாவிட்டால் ஜிடிபி எண்களையே காட்டும். அதை ஜிடிபியின் தவறாகக் கொள்ளக் கூடாது.

பழைய தரவு வைத்திருப்பவர்கள் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தையும் சோதிக்கலாம். குனு சி நூலகத்தின் குறியாக்க மாற்றியான ஐகான்வ் அதை அறியும் என்பதால், அதனோடு கட்டப்பட்ட ஜிடிபியில் டார்கெட்டாக வைக்க முடியும். டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பதால், 'லை' என்பதில் ஐகாரக் குறி லகரத்துக்கு முன்னால் இருக்கும். ஜிடிபி அதைத் திருப்பிப் போட்டுக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

பாமினி எழுத்துருவில் எழுதிய கோப்புகளுக்கு மட்டும் இந்த வழி எதுவும் உதவாது. அதில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். 106, 107, 112, 111, 59 என்ற அந்த ஐந்து பைட்டுகளும் குற்றமற்ற ஆஸ்கி. ஆஸ்கியை உள்ளடக்கிய எந்தச் சார்செட்டை வைத்தாலும் ஜிடிபி ஆங்கிலத்தையே காட்டும், காட்டவும் வேண்டும். அத்தகைய தரவை நிரலுக்குள் நுழையும் வாசலிலேயே யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியின் வெளியீட்டில் நிறுத்துப்புள்ளி வைத்து, 340, 256 என்று பைட்டுகள் தொடங்குகின்றனவா என்று பாருங்கள்.