லேடீஸ் காலேஜ் செலக்ட் பண்றதுக்கு முன்னாடி கேட் கிட்ட போய் நில்லுங்க

கட்-ஆஃப் மட்டும் பாத்து காலேஜ் முடிவு பண்ணாதீங்க, மூணு வருஷம் அங்கதான் இருக்கப் போறீங்க. ஃபார்ம் போடுறதுக்கு முன்னாடி ஒருநாள் காலேஜ் விடுற நேரத்துக்கு வாசல்ல நில்லுங்க, பொண்ணுங்க என்ன பேசிட்டு வர்றாங்க, எந்த பஸ் ஏறுறாங்கன்னு பாத்தாலே பாதி புரிஞ்சிரும்.

சென்னையில குயின் மேரிஸ் 1914ல ஆரம்பிச்சது, கவர்மென்ட் காலேஜ், எதிர்ல மெரினா, ஃபீஸ் ரொம்ப கம்மி, வீட்லயே முதல் ஆளா டிகிரி படிக்க வர்றவங்க நிறைய. 2003ல அந்த இடத்துல தலைமைச் செயலகம் கட்டப் போறாங்கன்னதும் பொண்ணுங்க உள்ளயே உக்காந்து போராடி காலேஜ காப்பாத்துனாங்க, இதெல்லாம் எந்த ரேங்க் லிஸ்ட்லயும் வராதுங்க!

டபிள்யூசிசி, அதாவது விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ் (1915), ஸ்டெல்லா மாரிஸ் (1947) ரெண்டும் கிறிஸ்தவ காலேஜ், எத்திராஜ் 1948ல பாரிஸ்டர் எத்திராஜ் ஆரம்பிச்சது. இங்கெல்லாம் உங்க கோர்ஸ் எந்த ஷிஃப்ட்னு முதல்ல கேளுங்க, மத்தியான ஷிஃப்ட்னா வீடு திரும்ப இருட்டிரும், கிளப், கல்ச்சுரல்ஸ்னு சேர நேரமும் மாறும்.

அப்புறம் செகண்ட் இயர் அக்கா யாரையாவது புடிச்சு, தமிழ் மீடியம் பொண்ணு கிளாஸ்ல தமிழ்ல டவுட் கேட்டா மேடம் எப்படி பதில் சொல்வாங்கன்னு கேளுங்க. அவங்க முகத்தையே பாருங்க.