கேமரா ஹேங் ஆனால் என்ன செய்வது? பாட்டரியைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் தைப்பூசம் பனிக்காலத்தில் வரும். இங்கே மொரீஷியஸில் அது கொளுத்தும் கோடையின் நடுவே வருகிறது. கேமராவோடு காவடி ஊர்வலத்தில் நடந்து, கோர் டி கார்ட் மலையடிவாரக் கோவில் வரை வெயிலில் போகிறவர்களிடம் ஆண்டுதோறும் நான் கேட்கும் புகார் இது: “நல்லாத்தான் எடுத்துக்கிட்டிருந்தேன், திடீர்னு ஹேங் ஆயிடுச்சு.” எந்தப் பட்டனும் வேலை செய்யாது. திரையில் கடைசிப் படம் அப்படியே நிற்கும். சுவிட்சை அணைத்தாலும் அணையாது.

பெரும்பாலோர் உடனே பாட்டரியைக் கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். கேமராவை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். அலகு குத்திக்கொண்டு வரும் பிள்ளை கோவில் வாசலை மிதிக்கிற படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. முதலில் படத்தைக் காப்பாற்றுவோம்.

முதல் வேலை: அந்தச் சின்ன விளக்கைப் பாருங்கள்

கார்டு மூடியின் அருகிலோ கேமராவின் பின்பக்கத்திலோ கடுகளவு விளக்கு ஒன்று இருக்கும். பெரும்பாலும் சிவப்பு அல்லது ஆரஞ்சு. சில மாடல்களில் பச்சை. கேமரா கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது அது எரியும், அல்லது மினுக்கும். அந்த நேரத்தில் பாட்டரியையோ கார்டையோ எடுத்தால், எழுதிக்கொண்டிருந்த படம் மட்டுமல்ல, கார்டில் உள்ள கோப்புப் பட்டியலே குலைந்துபோகலாம்.

விளக்கு எரிந்தால் காத்திருங்கள். ரா கோப்பில் (படத்தைப் பிடிக்கும் சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் பெரிய கோப்பு) படபடவென்று வரிசையாக எடுக்கும்போது, படங்கள் முதலில் கேமராவுக்குள் இருக்கும் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் சேரும். அங்கிருந்துதான் கார்டுக்குப் போகும். புனலில் மளமளவென்று எண்ணெய் ஊற்றினால் மேலே தேங்கி நிற்கும், கீழே மெதுவாகத்தான் இறங்கும், அதே கதைதான். கார்டு மந்தமானதாக இருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகலாம். இது பழுது அல்ல.

பழுது மாதிரியே தெரியும் இன்னும் இரண்டு உண்டு. இரவில் ஷட்டரை 30 வினாடி திறந்து வைத்து (நீண்ட எக்ஸ்போஷர்) எடுத்தால், அதன்பின் இன்னொரு 30 வினாடி கேமரா எதற்கும் அசையாமல் இருக்கலாம். மெனுவில் ஆன் செய்திருந்தால், நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பு, அதாவது படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகளை நீக்கும் வேலை, அப்போது நடக்கிறது. நிக்கானில் ‘ஜாப் என்ஆர்’ என்றும், கேனானில் ‘பிஸி’ என்றும் காட்டும். இரண்டாவது, வீடியோ. பல கேமராக்கள் 29 நிமிடம் 59 வினாடியில் தாமாகவே பதிவை நிறுத்திவிடும். 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்பவற்றை ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி வரி விதித்ததால் வந்த கட்டுப்பாடு அது. மறுபடி பட்டனை அழுத்தினால் ஓடும்.

விளக்கும் அணைந்திருக்கிறது, ஆனாலும் அசையவில்லையா?

சரி, இப்போது சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். பத்து வினாடி பாருங்கள். அணையவில்லை என்றால் பாட்டரியைக் கழற்றி, ஒரு நிமிடம் வெளியே வைத்து, திரும்பப் போடுங்கள். சின்ன காம்பாக்ட் கேமராவில் லென்ஸ் வெளியே நீட்டியபடி நின்றிருந்தால் கையால் உள்ளே தள்ளவே கூடாது. உள்ளே இருப்பவை மெல்லிய பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். கேமராவை ஆன் செய்யும்போது லென்ஸ் தானாக உள்ளே போகட்டும்.

உயிர் வந்ததா? உடனே அடுத்த படத்துக்குப் போகாமல், கார்டில் உள்ளவை தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்தக் கார்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வேறு கார்டு போடுங்கள். பழையதில் புதிதாக ஒரு படம்கூட எழுதாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்துக் கணினியில் தேடிப் பார்க்கலாம்.

யார் குற்றவாளி?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கார்டு, பாட்டரி, லென்ஸ் மூன்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

முதலில் கார்டை எடுத்துவிட்டு நாலைந்து முறை கிளிக் செய்யுங்கள். (சில கேமராக்களில் கார்டு இல்லாமல் ஷட்டர் இயங்க மெனுவில் அனுமதி கொடுக்க வேண்டும்.) ஹேங் ஆகவில்லை என்றால் சந்தேகம் கார்டின் மேல். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும்.

கார்டின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். 10 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வளையம் இருந்தால் வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி வேகம். யு3, வி30 இரண்டுக்கும் 30 எம்பி. 4கே வீடியோ எடுப்பவர் வி30க்குக் கீழே போக வேண்டாம். பழைய கேமராவில் 64 ஜிபி கார்டு போட்டுத் திணறுகிறவர்களும் உண்டு. 32 ஜிபிக்கு மேற்பட்டவை 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி வகை. அதற்கு முந்தைய கேமராக்களுக்கு அது புரியாது.

சந்தையில் மலிவாகக் கிடைத்தது, பெட்டி ஒரு மாதிரி இருக்கிறது என்றால் போலியாக இருக்கலாம். உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், கேமராவிடம் 128 என்று சொல்லும். நிறையும் வரை எல்லாம் நன்றாகப் போய், அப்புறம் சிக்கும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகளால் கார்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கலாம். கார்டு நல்லதுதான் என்றால், படங்களைக் கணினியில் எடுத்து வைத்துக்கொண்டு கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கணினியில் ஃபார்மட் செய்வதைவிட அதுதான் எப்போதும் நல்லது.

கார்டு இல்லாமலும் ஹேங் ஆகிறதா? அடுத்தது லென்ஸ். கேனானில் ‘எர்ர் 01’ வந்தால் கேமராவும் லென்ஸும் ஒன்றோடொன்று பேச முடியவில்லை என்று பொருள். ‘எர்ர் 02’ கார்டைக் குறிக்கும். லென்ஸைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள்: விளிம்பில் பொன்னிறப் புள்ளிகள் ஒரு வரிசையாக இருக்கும். ஃபிளிக் ஆன் ஃபிளாக் மாதிரிக் கடற்கரைகளில் படம் எடுப்பவர்களின் லென்ஸில் அந்தப் பொன்னிறம் மங்கி, பஞ்சால் துடைத்தால் பஞ்சில் சாம்பல் கோடு விழும். உப்புக்காற்றின் வேலை அது. சுத்தமான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காதுக்குச்சியில் லேசாகத் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். கேமராப் பக்கத்துப் புள்ளிகளைத் துடைக்கும்போது கண்ணாடியையோ சென்சாரையோ தொட்டுவிடாதீர்கள். பாட்டரியின் உலோக முனைகளுக்கும் இதே வைத்தியம்தான்.

வெயிலும் ஈரமும்

பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரி வரை, ஈரப்பதம் 85 சதவீதம் வரை என்று போட்டிருப்பார்கள். கறுப்பு உடல் நேர் வெயிலில் சீக்கிரமே அதைத் தாண்டும், அதிலும் வீடியோ ஓடினால். 2020இல் வந்த கேனான் ஆர்5கூட 8கே வீடியோவில் சுமார் 20 நிமிடத்தில் சூடாகி நின்றது. தெர்மாமீட்டர் படமோ எச்சரிக்கையோ வந்தால் அணைத்து, பாட்டரி மூடியைத் திறந்து, நிழலில் ஆற விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். ஏசி காரிலிருந்து இறங்கும்போதும் இதே ஆபத்து. இறங்கியபின் அரை மணி நேரம் பையை மூடியே வையுங்கள். மழையும் ஈரமும் அதிகமான கியூர்பிப் பக்கம் குடியிருப்பவர்கள் பையில் எப்போதும் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது நல்லது.

இன்னும் தீரவில்லையா?

மெனுவில் எல்லா அமைப்புகளையும் ரீசெட் செய்யுங்கள். பிறகு தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புது ஃபர்ம்வேர் (கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றும்போது பாட்டரி முழுதாக இருக்க வேண்டும். பாதியில் அணைக்கக் கூடாது.

அதற்கும் மசியவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், நீங்களே திறக்காதீர்கள். ஃபிளாஷ் உள்ள கேமராவின் கெப்பாசிட்டரில் பாட்டரியைக் கழற்றிய பிறகும் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். கொடுக்கும்போது எந்த லென்ஸ், எந்தக் கார்டு, வீடியோவா படமா, திரையில் என்ன எண் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிரச்சினை கொடுத்த லென்ஸையும் பாட்டரியையும் சேர்த்தே கொடுங்கள். படங்கள் உள்ள கார்டை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.